இரண்டாவது கொழுப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அக்கா பிள்ளைகளின் புளுகு மாமாவும் பாக்டீரியாக்களின் சக்கரவர்த்தியுமான உங்கள் மகன் நலம்.

பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த இரண்டு கொழுப்புகளைக் கலந்து தண்ணீரில் விடுவது என் வேலை. அவை தாமாகவே கூடிக் குட்டிப் பந்துகளாக மூடிக்கொள்ளும். அம்மா தவறிப்போன செய்தி வந்த அன்று இரண்டாவது கொழுப்பைச் சேர்க்க மறந்துவிட்டேன். பந்துக்குப் பதில் குழாய் குழாயாக வந்து நின்றது. ஒரு மாநகரத்துக்கே தண்ணீர் விடலாம். "என்னங்க, பிளம்பர் வேலைக்கு மாறிட்டீங்களா?" என்றார் ஆய்வக அதிகாரி. சிரித்துவைத்தேன். காரணம் சொல்லவில்லை.

நாம் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் அம்மா வழியாகத்தான். அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு வையுங்கள். ஞாயிறு காலை கூப்பிடுவேன். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, காதில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்