சுவரோரத்து அடுப்பு

பக்கத்து வீட்டுக்காரி ஈரத் தைலமர விறகை வைத்து வெந்நீர் போடுகிறாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் கோபம் வந்துவிடுகிறது எனக்கு. செத்தும் விடமாட்டேன் என்கிறீர்களே!

நம் மகள் பிறந்த வாரமே கொடைக்கானல் குளிரில் விறைத்துப் போனாள். "ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு உள்ள எடமில்லம்மா" என்று சாமியார் சொல்லிவிட்டார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நீங்கள்தான் குழி வெட்டினீர்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஊரார் உள்ளே மெழுகுவத்தி கொளுத்த, நான் வெளியே முள்ளுக்குள் கொளுத்தினேன்.

துரைமார் கப்பலேறிப் போய்க் கொஞ்ச வருஷத்தில் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு விழா எடுத்தார்கள். ஊருக்கே பெருமையாம், பழைய தோட்டமாம். சுவர் பூசுவதும் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பதும் கொத்தனாரான உங்கள் சோலி. மன்னவனூரிலிருந்து ஆடுகள் வந்தன. விருந்து அடுப்புக்கு அவர்கள் காட்டிய இடம், நம் பிள்ளை கிடந்த இடம்.

"அங்க வேணாம்னு சொல்லுங்க" என்று உங்கள் காலைப் பிடித்தேன்.

"அடுப்புக் குழிய நானே வெட்டுறேன். நீ வீட்டுக்குப் போ புள்ள" என்றீர்கள்.

விழாவன்று வெள்ளனே, பனிமூட்டத்தில், மண்வெட்டியோடு போனீர்கள். நான் போனபோது ஈரத் தைலமர விறகு புகைய, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே சாமியார் தோட்டமெங்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். பிறகு நீங்களும் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கறியைத் தின்றீர்கள். "அடப்பாவி, நீயும் ஒரு தகப்பனா?" என்று ஊர் முன்னால் கேட்டேன். நீங்கள் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை.

அதன்பின் உங்களுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கரி மண்ணில் வருஷா வருஷம் மெழுகுவத்தி வைத்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

சாகக் கிடந்தபோதுதான் வாய் திறந்தீர்கள். "அவ அங்க இல்ல புள்ள. அன்னைக்கே மண்ணோட அள்ளி உள்ள வச்சிட்டேன். தீர்த்தம் அவ மேலயும் விழுந்துச்சு."

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ அங்க போயி அழுவ. தெரிஞ்சா தோண்டி வெளிய போட்ருவாய்ங்க."

"உள்ள எங்கங்க?"

அதற்குப் பதிலாக இருமல்தான் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

உங்களையும் உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். கல்லறைத் திருநாளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே மிதித்துவிடுவேனோ என்று பயந்து பயந்து நடக்கிறேன். மெழுகுவத்தியை உங்கள் தலைமாட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு எங்கே வைப்பது? அது உருகித் தீரும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.