இலந்தைப் புதரும் என் தகரமும்

1974 ஜனவரி 31, வியாழன்

உடம்பெல்லாம் அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை. அப்பாவோடும் அண்ணனோடும் முயல் வேட்டைக்குப் போனால் இலந்தைப் புதர்களைத் தாண்டும்வரை தகரம் தட்டுவது என் வேலை. பழம் தின்ன வரும் கரடி சத்தம் கேட்டு விலகிவிடும். இன்று அண்ணன் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"நீ தட்டுற தட்டுக்கு முயலு கம்பம் டவுனுக்கே போய்ச் சேந்துரும் புள்ள."

தகரச் சத்தம் இல்லாமலே புதர்களுக்குள் நடந்தோம். முன்னால் ஓடிய எங்கள் நாய் கரடியைக் கிளப்பிவிட்டு, பயந்து எங்களிடமே ஓடிவந்தது. பின்னாலேயே கரடி. அப்பா தலைத்துண்டை அதன்மேல் எறிந்தார். அது துண்டைக் கிழிப்பதற்குள் தப்பினோம்.

நாளையும் போகிறார்களாம். "பயந்தாங்கொள்ளி, நீ இங்கனயே கெட" என்கிறான் அண்ணன்.

தகரத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். கூப்பிடாவிட்டாலும் பின்னால் தட்டிக்கொண்டே போவேன். முயல் கிடைக்காவிட்டால் போகட்டும்.