ஈரக் கயிற்றின் ஒரு சாண்

மச்சான்,

இன்று காலை கண்டக்குழிக் கரையில் கரைவலைக் கயிற்றை இழுத்துப் போட்டிருந்தார்கள். நனைந்த தும்பு நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் முகம் வந்தது. சும்மா வரவில்லை, அந்த நக்கல் சிரிப்போடு வந்தது. மௌத்தாகி நாற்பது நாளாகியும் உனக்கு அது அடங்கவில்லை.

விளையாட்டுப் போட்டியில் இரும்புக் குண்டு போடுவதில் நீ நாட்டுக்கே சாம்பியன். ஓம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னை ஒரே ஒருவன் வென்றான். அது நான். நீ புத்தளத்தில் மாவட்டச் சாதனை வைத்து நெஞ்சை நிமிர்த்தி வந்த அடுத்த வாரம், இதே கரையில் உன் குண்டை வாங்கி வீசினேன். அது விழுந்த அதிர்ச்சியில் ஆலங்குடாவில் தேங்காய் உதிர்ந்ததாம். அளக்க நாடா இல்லை. இரு கை விரித்தால் ஒரு பாகம்; பாகத்துக்கொரு முடிச்சுப் போட்ட வலைக் கயிற்றால் அளந்தோம். ஊர் அளவு அதுதான். எட்டுப் பாகமும் சொச்சமும். உன் சாதனையைவிட ஒரு சாண் கூட! வலைக்காரர்கள் கூட்டமாக வந்து என்னைத் தோளில் தூக்கினார்கள்.

நீ கயிற்றை எடுத்துப் பிழிந்தாய். தண்ணீர் சொட்டியது.

“இப்பதானே கடல்ல இருந்து வந்த கயிறு. நனைஞ்சா சுருங்கும்டா. இது கணக்கில்ல.”

“உன்ட வயிறு எரியுது, அதச் சொல்லு!”

“காயப் போட்டு அளப்பம், வா.”

நான் வரவில்லை. வென்றவன் எதற்கு மறுபடி அளக்க வேண்டும்?

பிறகு நீ எந்த மேடையில் ஏறினாலும், “கண்டக்குழில ஒருத்தன் ஈரக் கயிறால என்ன வென்டவன்” என்பாய். சனம் சிரிக்கும். பதக்கம் உனக்கு, சிரிப்பு எனக்கு. உன் கலியாணத்தில் ஆறு பேர் சுற்றியிருந்து தின்னும் சஹனில் தனி ஆளாக மூன்று சஹன் புரியாணி தின்றேன், உனக்கு ஸலாம் சொல்லவில்லை. உன் ஜனாஸாவில் முதல் வரிசையில் நின்றேன். அதை நட்பென்று நினைத்துவிடாதே.

இன்று அந்தக் கயிற்றில் எட்டுப் பாகம் கேட்டு வாங்கி, ஈரத்தோடு என் மதில் நெடுகப் பிடித்துக் கோடு போட்டேன். அஸர் தொழுகை நேரம்வரை வெயிலில் காயப் போட்டு மறுபடி பிடித்தேன். கோட்டைத் தாண்டி இரண்டு சாண் நீண்டது. அப்படியென்றால் அன்று சுருங்கிய கயிறு எனக்கு இரண்டு சாண் கூட்டிக் காட்டியிருக்கிறது; நான் உன்னைவிட ஒரு சாண் குறைவு.

கேட்க நீ இல்லாதபோதுதான் அளக்கத் துணிவு வந்தது. மனைவிக்கும் சொல்லவில்லை. கோட்டைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டேன். கயிற்றை மட்டும் எறிய மனமில்லை, அலுமாரிக்குள் கிடக்கிறது.

மறுமையில், மஹ்ஷர் வெளியில் எல்லாரையும் எழுப்பி நிறுத்தும்போது நீ கேட்டாலும், அன்றைக்குக் கயிறு காய்ந்துதான் இருந்தது என்பேன். இல்லையென்றால் நீயே வந்து பிழிந்து காட்டு.