கையில் தராத உப்பு

என் மாப்பிள்ளை, என் தங்கமே சின்னாண்டி,

நான் இப்போது நாம் படித்த அதே அடிவாரப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். சிரிக்காதே. இன்று பதினோராம் வகுப்புக்கு நம் பழைய சோதனையைச் செய்து காட்டினேன். ஆசிட்டில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பினாப்தலீன் இளஞ்சிவப்பானதும் அளவைக் குறித்தேன். உப்பில் சாயம் சேராமலிருக்க, அதே அளவில் பினாப்தலீன் இல்லாமல் மறுபடி கலந்து காய்ச்சினேன். இரண்டு முறை அளவு தப்பியது. உனக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அன்று செய்முறையில் தேறியவர்களைத்தான் பரீட்சைக்கு அனுப்புவதாக இருந்தார்கள். உன் கிண்ணத்து உப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வாத்தியார் உள்ளங்கையை நீட்டினார். நீ கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாய். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று கீழே வைப்பதுதானே நம் வழக்கம்? வெளியூர்க்காரரான அவர் அதை அறியவில்லை.

"ஏன்டா, என் கையில குடுத்தா தீட்டா?" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. அதற்குமுன் எத்தனை பேர் அந்தக் கையை ஒதுக்கினார்களோ!

"அப்படி இல்லீங்க..." என்றாய். பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபம் என்மேலும் திரும்புமோ என்று பயந்தேன். என் முறை வந்ததும் அவர் கையிலேயே உப்பைக் கொட்டினேன். நான் தேறினேன். உன்னை அவர் தேற விடவில்லை; நீ மலைக்குத் திரும்பினாய்.

அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல். தூளி கட்டித் தூக்கி இறங்கும்போது பாதி வழியிலேயே போய்விட்டாய். என்னோடு டவுன் காலேஜில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். இத்தனை வருஷமாக இதையே நினைக்கிறேன். நினைத்து என்ன பயன்?

போன வாரம் உன் அம்மா மிளகு விற்கச் சந்தைக்கு இறங்கியிருந்தார். "நீ நல்லாப் படிச்ச கண்ணு. அவனும் கவனமாப் படிச்சிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பானில்ல?" என்றார்.

"ஆமாங்க அத்தை" என்றேன். ஆமாம் என்றேன், மாப்பிள்ளை! நானும் ஒரு மனிதனா?

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் நம் திருப்புலி நாட்டுக்கு ஏறி வருகிறேன். நடந்ததை அத்தையிடம் அப்படியே சொல்லிவிடுவேன். அப்புறம் அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். விழிக்காவிட்டாலும் பரவாயில்லை. தன் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நம்பிக்கொண்டே அவர் கண்ணை மூடக் கூடாது.

உனக்காக வாய் திறக்காத
உன் அத்தை மகன்,
வெள்ளையன்