பாலத்துக்கு அந்தப் பக்கம்

நைனா,

நம்முடைய வீடியோ கேமைப் புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அதை டிவியில் போட்டார். பாட்டு தொடங்கியதும் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அதே பாட்டுதான். அன்றைக்குக் கொசு பாடுகிற மாதிரி கேட்டதை இன்றைக்கு வயலினெல்லாம் வைத்து வாசிக்கிறார்கள்.

மங்கிய பச்சைத் திரையில் எறும்பு அளவுக்கு இருந்தானே நம்ம ஆள், அவனுக்கு இப்போது மூக்கும் முழியும் வந்துவிட்டன. அவன் கட்டியிருப்பது லுங்கி என்று நீயும், டவுசர் என்று நானும் எவ்வளவு சண்டை போட்டிருப்போம்! டவுசர்தான், நைனா. நான் ஜெயித்துவிட்டேன். சொல்லிக்காட்டத்தான் நீ இல்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் உன் வலது கை விரல்களைக் கொண்டுபோன பிறகு, வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல், கையில் வைத்து ஆடும் அந்தப் பழைய கேமை எங்கிருந்தோ வாங்கி வந்தாய். அதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பது வாங்கி வந்த பிறகுதான் உனக்கு உறைத்தது. நடக்க இடது பக்கம், குதிக்க வலது பக்கம். வலது பக்கத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்டாய். அந்தத் திரைக்குள் வெளிச்சம் கிடையாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை ஆடுவோம். "அப்பனும் பொண்ணும் இன்னாத்ததான் அப்டி அமுக்கிகினு கீறீங்களோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பள்ளத்தைப் பார்த்தாலே நான் பயந்து முன்னதாகக் குதித்துவிடுவேன். "நீ இன்னாத்துக்குப் பள்ளத்தப் பாத்துகினு கீற? என் வாயப் பாரு. நான் இப்போன்னு சொன்னா அமுக்கு" என்றாய். அதற்கப்புறம் நான் திரையையே பார்த்ததில்லை. உன் வாயைப் பார்த்தபடியே கடைசிப் பாலம்வரை வந்துவிட்டேன். காலுக்குக் கீழே இடிந்துகொண்டே வரும் அந்தப் பாலத்தை மட்டும் நம்மால் தாண்ட முடியவில்லை. "உடு, அந்தப் பக்கம் இன்னா கீதுன்னு ஒரு நாளு பாத்துக்கலாம்" என்றாய்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், "சொல்லுங்கம்மா, மூச்சுக்குழாய் வைக்கலாமா? லேட் பண்ண முடியாது" என்று டாக்டர் கேட்டபோது நான் உன் வாயைத்தான் பார்த்தேன். மாஸ்க்குக்குள் அது லேசாகத் திறந்து கிடந்தது. ஒரு சொல் வராதா என்று நின்றேன். வரவில்லை. கடைசியில் நான் சரியென்று தலையை ஆட்டியிருப்பேன் போல, குழாய் வைத்தார்கள். நீ எழுந்திருக்கவில்லை. நான் தலையாட்டியது சீக்கிரமா, தாமதமா, ஆட்டியதே தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால் எல்லோரும் ஆறுதல்தான் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்துக்கு மறுபடி வந்தேன். இப்போது இரண்டு கையும் என்னுடையவைதான். ஆனாலும் விழுந்தேன், விழுந்துகொண்டே இருந்தேன். எப்போது குதிக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொள்ளவே இல்லை, நைனா. அது முழுக்க உன்னிடம் இருந்தது. நான் விழுவதைப் பார்த்துப் பார்த்து இந்தப் புதுக் கேமுக்கே இரக்கம் வந்துவிட்டது போலும். இந்த இடத்தை நாங்களே தாண்டிவிடட்டுமா என்று கேட்டது. அழுதுகொண்டே சரி என்று அமுக்கினேன்.

அந்தப் பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது. செம்பருத்தி மாதிரி சிவப்புப் பூக்கள், தூரத்தில் ஒரு வாசல். நான் பார்த்தது அவ்வளவுதான். நம்ம ஆள் அங்கேயே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறான். "போயேன், அங்க அடிக்கிறவன் எவனும் இல்லயே" என்கிறார் வீட்டுக்காரர். யாரும் இல்லை என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் இனிமேல் வருவதெல்லாம் நீ பார்க்காத இடம். அங்கே நான் எப்படி நடப்பேன், நைனா?