புறக்கடையில் பாதி

ஆகஸ்ட் 18, ஞாயிறு

துணி துவைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. புறக்கடையின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு. விரல் நுழைகிறது. வெயிலுக்கு மண் வெடிப்பது உண்டுதான். ஆனால் இது விளிம்போடு சேர்ந்து, கோடு போட்ட மாதிரி ஓடுகிறது.

பின்மனைக்காரர் ஈஸ்வரமூர்த்தி, வாடகைக்கு விட வரிசையாக லைன்வீடு கட்டுவதற்காகத் தை மாதம் எங்கள் எல்லை வரை எட்டடி ஆழத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டி எடுத்தார். அன்றே கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்காரர் பிரபாகருக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிற வேலை. வீட்டில் யார் இருந்தோம் கேட்பதற்கு?

ஆகஸ்ட் 21, புதன்

செக்கிங்கில் நாள் முழுக்க நின்றே தைத்த பீஸ்களில் குறை தேடியதில் கால் கல்லாகிவிட்டது. பிரபாகரிடம் வெடிப்பைக் காட்டினேன். "வெட்டுனது அவன். செவுத்தையும் அவனே கட்டட்டும்" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இருவரும் ஈஸ்வரமூர்த்தியைப் போய்ப் பார்த்தோம். மரியாதைக்குக் குறைவில்லை, மோர் கொடுத்தார்.

"நான் என்ற எடத்துலதானுங்க வெட்டியிருக்கறேன். சரியறது உங்க மண்ணு. செவுரு வேணும்னா நீங்க கட்டிக்குங்க. ஆனா என்ற எடத்துல ஒரு கல்லு வெக்கக்கூடாதுங்க."

வரும் வழியெல்லாம் பிரபாகர் கொதித்தார். இனி நாம் ஒரு கூடை மண்ணைத் தொட்டாலும் தப்பு நம்முடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரியாம். புகார் எழுதிக் கொடுக்கலாம். அதிகாரிகள் வந்து அளந்து, நோட்டீஸ் விட்டு — அதற்குள் மழை வந்துவிடும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி சென்னியப்பனை வரச் சொன்னேன். கடப்பாரையை வெடிப்புக்குள் விட்டார். ஒரு முழத்துக்கு மேல் இறங்கியது. கூரைத் தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். எல்லாம் விளிம்புக்குத்தான்.

"காஞ்சு கெடக்கற வரைக்கும் நிக்குமுங்க. ஐப்பசி மழை உள்ள எறங்குச்சுன்னா தாங்காதுங்க."

"அப்போ செவுரு வேணுமுங்களா?"

"செவுத்தை அடியில இருந்து எழுப்போணும். அடி அவரு எடம். அவரு உடமாட்டீங்கறாரு. மேல ஓரத்துல கட்டுனா அந்த வெயிட்டே மண்ணைத் தள்ளீரும்." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "செவுரே இல்லாமயும் பண்ணலாமுங்க. ஓரத்தைச் சரிவா வெட்டி எடுத்துட்டு, தண்ணியப் பக்கவாட்டுல திருப்பி உட்டுட்டா நிக்கும். ஆனா எட்டடி போயிருமுங்க."

தையல் மெஷின் வைக்க ஓரத்தில் ஷெட் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போடலாமா என்று கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

பதினாறடிப் புறக்கடையில் எட்டு போனால் மிச்சம் எட்டு. நான்கு மெஷின் போட இடம் இல்லை. சொந்தமாகத் தைத்துக்கொண்டு, இந்த நின்றுகொண்டே பார்க்கிற வேலையை விடுவதும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இத்தனை நாள் மேலே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று சுற்றிக்கொண்டு கீழே போனேன். எங்கள் புறக்கடைக்கு நேர் கீழே உள்ள லைன்வீட்டில் முத்துப்பேச்சி வாடகைக்கு இருக்கிறாள். சாத்தான்குளம் பக்கம் ஊர், வீட்டுக்காரர் சாயப்பட்டறையில். பின்னறைச் சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே மூன்றடிதான். அந்த அறையில் தொட்டில். எட்டு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து லேசா தூத்துனதுக்கே மண்ணு உதுந்துச்சுக்கா. தெனமும் அள்ளிப் போடுதேன்" என்றாள். பிறகு, "இது விழுமாக்கா? மேல இருந்து பாத்தா தெரியும்லா?"

"பொறத்தால ரூமுல படுக்காத கண்ணு" என்றேன்.

"முன்னால அடுப்படிதான இருக்கு. வேற எங்கனக்கா படுக்க?"

செப்டம்பர் 27, வெள்ளி

பிரபாகரோடு சண்டை.

"நம்ம எடத்தை நாமளே வெட்டிப் போடறதா? அவன் சிரிப்பான் கலா."

"சிரிச்சா சிரிக்கட்டுமுங்க. அங்க ஒரு கொழந்தை படுத்திருக்குது."

"அதுக்கு அவன்தான் பொறுப்பு."

பொறுப்பு ஈஸ்வரமூர்த்தியோடதுதான். நான் இல்லீன்னு சொன்னனா? இவரு சொல்றது ஞாயந்தான். ஞாயம்னா மண்ணு நின்னுக்குமா? டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அழக்கூடத் தெம்பில்லை எனக்கு.

அக்டோபர் 3, வியாழன்

மூன்று நாள் லீவு போட்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். பிரபாகர் வேனை எடுத்துப் போனதும் சென்னியப்பன் இரண்டு ஆட்களோடு வந்தார். பிரபாகரிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தது கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

முதல் வெட்டிலேயே வெடிப்புக்கு அந்தப் பக்க மண் மொத்தமாக அசைந்தது. ஆட்கள் பின்னால் குதித்தார்கள். முத்துப்பேச்சியைக் குழந்தையோடு மேலே கூட்டி வந்து எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பிரபாகர் வந்தார். புறக்கடைக் கதவருகே நின்று பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

பிரபாகர் தன் காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டு வேனை எடுத்துப் போனார்.

அக்டோபர் 5, சனி

வேலை முடிந்தது. மண்ணை டிராக்டரில் கொண்டுபோய்விட்டார்கள். சரிவில் புல் பத்தைகளை நட்டோம், மேலே ஒரு வாய்க்கால் இழுத்தோம். துவைக்கிற கல்லை இந்தப் பக்கம் மாற்றியாயிற்று. மிச்சமிருக்கும் இடம் ஒரு சந்து மாதிரி இருக்கிறது. தப்புச் செய்துவிட்டேனோ?

அக்டோபர் 17, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர் வாய்க்காலில் பக்கவாட்டில் ஓடியது. சரிவின் அடியில் ஒரு கூடை சேறு மட்டும் இறங்கியிருந்தது.

பிரபாகர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல, பாத்தியா? சும்மா உட்டிருந்தாலும் நின்னிருக்கும்."

நின்றிருக்கலாம். விழாத மண்ணை வைத்து என்ன சாட்சி சொல்வது? போய் அரிசி களைந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பக்கத்து வீட்டு மாதவன் வந்தார். அவர் புறக்கடையும் அதே வெட்டின் மேல்தான். மழைக்குப் பிறகு அவர் ஓரத்திலும் வெடிப்பு விட்டிருக்கிறதாம். சுவர் கட்டலாமா என்று கேட்க வந்திருந்தார். பிரபாகர் அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சட்னிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"செவுரு வேண்டாமுங்க. ஓரத்துல வெயிட் ஏத்துனா இன்னும் மோசம். கொஞ்சம் எடம் போனாப் போகுதுன்னு சரிவா வெட்டி உட்ருங்க. கீழ ஆளுக குடியிருக்கறாங்கல்ல? நாங்க ரெண்டு பேரும் ரோசனை பண்ணித்தான் இந்த முடிவுக்கு வந்தமுங்க."

வெங்காயத்தை வைத்துவிட்டு இருவருக்கும் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரபாகர் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டார். மாதவனுக்குச் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

நாளை எட்டரைக்கு ஷிப்ட்.