பூண்டு எடுக்கும் வரை

அக்டோபர் 9

மகன் பேசினான். முதலில் வழக்கமான விசாரிப்பு: மூட்டு வலி, மாத்திரை, மாடி வீட்டு நாய். பிறகு குரல் இனிப்பானது. அவன் குரல் இனித்தால் எனக்கு வேலை வைக்கப்போகிறான் என்று அர்த்தம். மருமகள் ஜனவரியில் மறுபடி ஆபீஸ் போகிறாளாம். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"வெளியாள நம்ப முடியலம்மா. நீ அந்த வீட்டக் காலி பண்ணிட்டு இங்கயே வந்துடு. அங்க உனக்கு என்ன இருக்கு?"

அங்க உனக்கு என்ன இருக்கு. பஸ் டிப்போவில் புகார் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். ஊரே என் முகத்தைப் பார்த்துத் திட்டியிருக்கிறது, ஒரு வார்த்தைகூட என்னைத் தைத்ததில்லை. இது தைத்தது. என்ன இருக்கிறது என்று நானும் அறையைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு அறை. வேறு யாரும் கதவைத் தட்டாத குளியலறை. நான் வைத்த இடத்திலேயே இருக்கும் மூக்குக்கண்ணாடி.

"தோட்டத்துல செடி போட்டிருக்கேண்டா" என்றேன்.

"என்ன செடி?"

தக்காளி காய்ந்து போய் இரண்டு வாரமாகிறது. மென்று விழுங்கினேன்.

"சரி, அத எடுக்கிற வரைக்கும் இரு. எடுத்ததும் வந்துடு" என்றான், பெரிய மனசு பண்ணி.

அப்படியானால் உடனே எதையாவது நட வேண்டும்.

அக்டோபர் 12

ரயில் பாதைக்குப் பின்னால் நகராட்சி நிலத்தை முப்பது துண்டாகப் பிரித்து எங்களுக்குத் தோட்டம் போடக் கொடுத்திருக்கிறார்கள். என் துண்டு இரண்டு கட்டில் போடும் அளவு. பக்கத்துத் துண்டு பல் டாக்டருடையது. பிராக்டீஸை மூடிவிட்டார், பெண்சாதி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. பூண்டைத் தவிர வேறு எதையும் நட மாட்டார். அந்தக் காலத்தில் பல்லைப் பிடுங்கினார், இப்போது பல்லை நடுகிறார். இதை அவரிடமே சொன்னேன். சிரிக்கவில்லை. ஆயிரம் தடவை கேட்டிருப்பார் போல.

"டாக்டர், இப்ப போட்டா எது ரொம்ப நாள் எடுக்கும்?"

"ரொம்ப நாளா?"

"எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பூண்டுதான். குளிர் முழுக்க மண்ணுக்குள்ள கிடக்கணும். ஜூலை ஆயிடும்."

"குடுங்க" என்றேன்.

கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. பூண்டில் இரண்டு ஜாதியாம். ஒன்று கெட்டித் தண்டு. நடுவில் குச்சி மாதிரி தண்டு, அதைச் சுற்றிப் பெரிய பெரிய பல்லாக ஆறோ எட்டோ. தோல் சுலபமாகக் கழலும், காரம் தூக்கலாக இருக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும். இன்னொன்று மென்தண்டு. சின்னச் சின்னப் பல்லாக நிறைய, தோல் விடாமல் ஒட்டிக்கொள்ளும், காரம் மட்டு, வருஷம் முழுக்கத் தாங்கும். அதற்குள் உட்பிரிவுகள். ஊதா வரி ஓடியது, கெட்டித் தண்டு ஜாதி, சுட்டால் இனிக்கும். மெழுகு மாதிரி வெள்ளைத் தோல், நாலே பல், நாக்கைப் பொசுக்கும். சிவப்புத் தோல், எல்லாவற்றுக்கும் முன்னால் விளைந்து எல்லாவற்றுக்கும் முன்னால் சுருங்கிப்போகும்.

"யானைப் பூண்டுன்னு ஒண்ணு இருக்கு. அது பேருக்குத்தான் பூண்டு. உருவம் பெருசு, காரமே கிடையாது."

எங்கள் தோட்டச் சங்கத் தலைவர் அந்தப் பக்கம் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். இனிமேல் இந்த நோட்டில் அவர் பெயர் யானைப் பூண்டு.

அக்டோபர் 13

நாற்பது பல் நட்டேன். முனை மேலே, அடி கீழே, தோல் உரிக்கக் கூடாது. டாக்டர் மேற்பார்வை. ஒவ்வொரு பல்லையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காததுதான் குறை.

மகனுக்குச் செய்தி அனுப்பினேன்: பூண்டு போட்டிருக்கேன், ஜூலையில் எடுக்கணும்.

பதில் வந்தது: பூண்டா?? கடையில் விக்கிறாங்களேம்மா.

அக்டோபர் 20

ஜனவரியிலிருந்து ஜூலை வரைக்கும் குழந்தையைக் காப்பகத்தில் விடப்போகிறார்களாம். "உன் பூண்டுக்காக" என்றான். 'உன்'னில் ஓர் அழுத்தம்.

சங்கடமாகத்தான் இருந்தது. அந்தக் குட்டி என் மூக்கைப் பிடித்து இழுப்பதை நினைத்தால் நெஞ்சு இளகிவிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்பதும் தெரியும். போன தடவை போனபோது பார்த்தேனே. ஹாலில் சோபாவை விரித்தால் அது என் படுக்கை. அவர்கள் டிவி பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் தூக்கம் வராதவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மருமகள் நல்ல பெண், ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம். நல்லவர்கள் வீட்டில் முணுமுணுக்கக்கூட முடியாது.

டிசம்பர் 6

டாக்டரின் பந்தா தாங்கவில்லை. இன்று பச்சைப் பல்லை நறுக்கி நாக்கில் வைக்கச் சொன்னார். "முதல்ல ஒரு இனிப்பு, அப்புறம் காரம், கடைசில கொட்டை வாசனை... வருதா?" எனக்குக் கண்ணீர்தான் வந்தது. எல்லாம் ஒரே பூண்டுதான், யாருக்குக் காதில் பூ சுற்றுகிறார்?

அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவருடைய துண்டில் இரண்டு வரிசையின் பெயர்ப்பலகைகளைப் பிடுங்கி மாற்றி நட்டுவிட்டேன். ஊதா வரி இருந்த இடத்தில் மென்தண்டு, மென்தண்டு இருந்த இடத்தில் ஊதா வரி. பார்ப்போம் இவர் ஞானத்தை.

அறுபத்தொரு வயதில் செய்கிற காரியமா இது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 17

கடும் குளிர். பூண்டு மட்டும் விறைப்பாக நிற்கிறது. குளிர் படாவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடுமாம். இதையும் டாக்டர்தான் சொன்னார். கேட்காமலேயே.

பிப்ரவரி 8

யானைப் பூண்டு கையில் டேப்போடு என் துண்டை அளந்துகொண்டிருந்தார். "ஜூலைல போறீங்களாமே. என் மச்சான் ஒருத்தன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்." பிணம் விழுவதற்கு முன்னாலேயே பாடைக்கு அளவெடுக்கிறார். போகிற விஷயத்தை ஊருக்குச் சொன்னது நானேதான், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 22

களை எடுத்தேன். இடுப்பு போனது.

மே 30

வந்துவிட்டது! கெட்டித் தண்டு ஜாதிக்கு மட்டும் நடுவிலிருந்து பூத்தண்டு ஒன்று கிளம்பிப் பாம்பு மாதிரி சுருளும். அது வெளியே வந்தால் குட்டே உடைந்துவிடும். இப்போது அவர் தோட்டத்தில் 'மென்தண்டு' என்ற பலகைக்குப் பின்னால் வரிசையாகச் சுருண்டு நிற்கிறது. 'ஊதா வரி'யில் ஒன்றுகூட இல்லை.

டாக்டர் ஒவ்வொரு தண்டாகக் கிள்ளினார். கிள்ளினால்தான் மண்ணுக்குள் பூண்டுக் குண்டு பெருக்குமாம். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வதக்கிச் சாப்பிடுங்க, நல்லா இருக்கும்" என்று ஒரு கட்டுத் தண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதானா? மனுஷனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேர் வாயில் எந்தப் பல்லைப் பிடுங்கினாரோ.

வதக்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 15

யானைப் பூண்டு ரவுண்ட்ஸ் வந்தார். அவருக்கே தெரிந்திருக்கிறது. "டாக்டர், மென்தண்டுல பூத்தண்டு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல கிள்ளின அடையாளம் இருக்கே?"

நான் குனிந்து இல்லாத களையைப் பிடுங்கினேன்.

டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சில வருஷம் வெயில், குளிர் மாறி மாறி அடிச்சா அதுலயும் வரும்" என்றார்.

அசடு வழியாமல் பொய் சொல்ல நன்றாகவே வருகிறது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார் என்று நினைக்கிறேன். வேறு எதற்குச் சொல்லியிருப்பார்?

ஜூலை 12

மகன் வாரம் இரண்டு தடவை கேட்கிறான், "காஞ்சிருச்சா?" ஒரு செடி காய வேண்டும் என்று இப்படித் தவம் கிடப்பவனை நான் பார்த்ததில்லை. அடி இலைகள் மூன்று காய்ந்துவிட்டன. மேலே நிற்கும் ஒவ்வொரு பச்சை இலையும் குண்டுக்கு ஒரு தோல், எல்லாம் காய்கிற வரைக்கும் விட்டால் தோல் கிழிந்து பல் சிதறிவிடும் என்கிறார் டாக்டர். அவர் தன்னுடையதையெல்லாம் போன மாதக் கடைசியிலேயே எடுத்துவிட்டார். என்னுடையது மட்டும் நிற்கிறது.

ஜூலை 19

எடுத்துவிட்டேன். நாற்பதில் முப்பத்தெட்டு. மண்ணை உதறினால் வெள்ளை வெளேரென்று, கை நிறைய. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. டாக்டரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொத்தையே இல்ல" என்றார். முதல் தடவையாக ஜோக் அடித்திருக்கிறார், அதுவும் தெரிந்தேதான் அடித்தாரா என்று சந்தேகம்.

மகனிடம் சொன்னேன். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு வேன் சொல்லிவிட்டான். நிழலில் மூன்று வாரம் காய வைக்க வேண்டும் என்றேன். "இங்க பால்கனில காய வைம்மா" என்றான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறான். என் பிள்ளையாயிற்றே.

ஆகஸ்ட் 1

டாக்டர் கருவிக் கொட்டகையில் ஆறு தட்டு வைத்துச் சுட்ட ரொட்டியில் ஆறு ரகப் பூண்டையும் தடவி வைத்திருந்தார். எனக்கு வழியனுப்பு விழாவாம். நாங்கள் இரண்டு பேர்தான். பத்திரிகை அடிக்காததுதான் பாக்கி.

"இது ஊதா வரி" என்று ஒரு தட்டை நீட்டினார். "பலகைல மென்தண்டுன்னு போட்டிருந்துச்சே, அந்த வரிசை."

வாங்கின தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"டிசம்பர்லயே தெரியும். நான் பலகைய நேரா அடிப்பேன். நீங்க நட்டது சாஞ்சிருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே டாக்டர்."

"முப்பது வருஷம் புகார் கவுண்டர்ல உக்காந்தவங்க நீங்க. உங்க மேலயே புகார் குடுக்க எனக்கு தைரியம் வரல." ரொட்டியைக் கடித்து மென்று விழுங்கினார். "கேட்டா அப்புறம் கிண்டல் பண்றத விட்டுருவீங்க. எனக்கு வேற யாரு பேசறா?"

மூக்கறுபட்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு விட்டாரா?

"உங்களுக்குக் குடுத்தது என்கிட்ட இருக்கிறதுலயே கடைசியா விளையற ரகம். எது ரொம்ப நாள் இழுக்கும்னு கேட்டீங்க. பூண்டுக்காக யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. மூணு வாரம் கூடுதலா கிடைக்கட்டுமேன்னு அதக் குடுத்தேன்."

ஒன்பது மாதமாக ஊரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஓடி ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று இந்த மனுஷனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரியாதது என் பிள்ளை ஒருத்தனுக்குத்தான். அவனுக்கு நான் சொல்லவே இல்லையே. பூண்டு பூண்டு என்று தண்ணி காட்டினேனே தவிர, ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னேனா?

ஊதா வரி சுட்டால் இனிக்கிறது. எழுதி வைக்கிறேன், அவரிடம் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 2

போன் பண்ணினேன். முப்பது வருஷம் அடுத்தவர்கள் கோபத்தை வாங்கிப் பழகியவளுக்குச் சொந்த வார்த்தை நாலு வரவில்லை.

"வேன் வேண்டாண்டா. நான் வரல."

"ஏம்மா, இன்னும் காயலயா?"

"காஞ்சிருச்சு. காஞ்சாலும் வரல."

"ஒரு பூண்டுக்காகப் பேத்திய விடறியா?"

"பூண்டச் சொன்னது என் தப்பு. அது வெறும் சாக்கு. அது இல்லாட்டியும் வந்திருக்க மாட்டேன். எனக்கு இந்த வீடு வேணும். இந்த ரெண்டு ரூமும் எனக்கு வேணும்டா. உன் வீட்டு சோபால எனக்குத் தூக்கம் வரல."

"இத அப்பவே சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல" என்றான். வைத்துவிட்டான்.

அவன் சொன்னது சரிதான். என்ன பொம்பள நான். பெத்த பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்ல ஒன்பது மாசம். அழுதேன், பூண்டு உரிக்காமலேயே.

ஆகஸ்ட் 3

பேசவில்லை.

ஆகஸ்ட் 10

இன்று வேன் வந்திருக்க வேண்டிய நாள். வீடு துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லாத இடத்தையும் துடைத்தேன். அவன் பேசவில்லை.

ஆகஸ்ட் 27

மருமகள் பேசினாள். "அத்த, சோபா விஷயம் நீங்க வந்திருந்தப்பவே எனக்குத் தெரியும். கேட்டா நீங்க தப்பா எடுத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்." காப்பகத்தில் குட்டிக்கு மூன்று சிநேகிதிகளாம், கூட்டி வரப் போனால் வர மாட்டேன் என்று அழுகிறாளாம். "அவருக்குக் கோபம்தான். ஆனா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் எங்கம்மா பூண்டு விளைய வெக்கிறாங்கன்னு சொல்லிட்டுத் திரியறார்."

பத்துப் பூண்டை அவர்களுக்குப் பார்சல் கட்டினேன்.

செப்டம்பர் 29

சங்கத்தில் துண்டைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டேன். யானைப் பூண்டு முகத்தைத் தொங்கப் போட்டார். மச்சானுக்கு ரயில் பாதையை ஒட்டின சந்துத் துண்டைக் கொடுப்பாராம். அங்கே ஒன்றும் விளையாது, புகை பிடித்துக்கொண்டு உட்கார நல்ல இடம்.

அக்டோபர் 14

மூன்று பேரும் நேற்று வந்தார்கள். இரண்டு நாள் இருப்பார்கள். என் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் ஹாலில் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மகன் என்னிடம் அவ்வளவாகப் பேசவில்லை, ஆபீஸ் ஷூவோடு வரப்பில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். குட்டி ஒரு பல்லை எடுத்துக் கடித்தாள், முகம் கோணியது, துப்பினாள், இன்னொன்று கேட்டாள். டாக்டருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

அரை மணி கழித்து அவனாகவே குனிந்து ஒரு பல் நட்டான். தலைகீழாக. டாக்டர் வாயைத் திறந்தார், நான் முறைத்தேன், மூடிக்கொண்டார்.

மகன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். "இத எப்பம்மா எடுக்கணும்?"

"ஜூலைல."

போனை எடுத்து ஏதோ பார்த்தான். "ஜூலைல எனக்கு லீவு இருக்கு. நாங்க வர்றோம். நாங்க வர்ற வரைக்கும் எடுத்துடாத."

சரி என்றேன்.